புத்தக பீரோவுக்கும் லீவா?

வழக்கமாக நம் சுவர் இதழில் ஒரு கட்டுரைக்கு அரை சார்ட்தான் கொடுப்பார்கள். இந்தத் தடவை நானே நாலு சார்ட் எடுத்துக்கொண்டேன். படம் ஒட்ட இடம் இல்லாமல் போச்சு என்று ஏழாம் வகுப்புத் தம்பிகளுக்கு என் மேல் கோபம். இந்த வருடத்தின் கடைசி இதழ் இது, அடுத்தது ஜூனில்தான் வரும், அதனால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலாவது சார்ட்டில் எழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும். கை வலிச்சிருச்சு.

ஆபீஸ் ரூம் வாசலில் இருக்கும் கரும்பலகையில் போன வெள்ளிக்கிழமை ஒரு அறிவிப்பு எழுதினார்கள், பார்த்தீர்களா? முழு ஆண்டுத் தேர்வு, கோடை விடுமுறை, பள்ளி திறப்பு பற்றியது. மொத்தம் ஒன்பது வரி. நம்மில் பாதிப் பேர் "விடுமுறை" என்ற ஒரு சொல்லை மட்டும் படிச்சிட்டு ஓடியாச்சு. நான் ஒன்பது வரியையும் நின்று படித்தேன். எட்டு வரியில் எனக்கு ஒரு தகராறும் இல்லை. ஒரே ஒரு வரியில்தான் இருக்கிறது. ஆனால் மற்ற வரிகளையும் எல்லோருக்கும் ஞாபகப்படுத்த வேண்டும் என்று இதழ்க் குழுவில் சொல்லிவிட்டதால் அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

பத்தாம் வகுப்பு அண்ணன்களே, அக்காக்களே, ஹால் டிக்கெட்டைப் பரீட்சை முடிந்த அன்றே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ரிசல்ட் பார்க்கிற அன்றைக்கு அதில் இருக்கும் நம்பர் வேண்டும். ஏதாவது ஒரு பாடம் போய்விட்டால் வீட்டில் சுருண்டு படுக்க வேண்டாம், துணைத்தேர்வு இருக்கிறது, பள்ளிக்கு வந்து சாரைப் பாருங்கள். நம் பள்ளி பத்தாம் வகுப்போடு முடிகிறது, பிளஸ் ஒன்னுக்கு எல்லோரும் வேறு பள்ளிக்குத்தான் போக வேண்டும். அந்தச் சமயத்தில் யாராவது வீட்டுக்கு வந்து "எங்க பள்ளியில சேருங்க, பீஸ்ல பாதி தள்ளுபடி" என்று நல்ல வார்த்தை சொல்வார்கள். ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டு முடிவு எடுங்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் மருத்துவப் படிப்புக்கும், 2021-ல் பொறியியல், வேளாண்மை போன்ற படிப்புகளுக்கும் கொண்டுவந்தார்கள். அது ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. ஐந்து வருடம் இங்கே படித்துவிட்டு, கடைசி இரண்டு வருடத்தில் வெளியே போனால் அது கிடைக்காது. இது கரும்பலகையில் இல்லை, நானாகச் சேர்த்தது. எங்கள் தெருவில் ஒரு அக்காவுக்கு யாரும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

பஸ் பாஸைக் கிழித்துப் போடாதீர்கள், ஜூனில் புதுசு வரும் வரை பழசைக் காட்ட வேண்டியிருக்கும். கடைசிப் பரீட்சை அன்று சட்டையில் இங்க் தெளிக்கும் வேலை வேண்டாம். உங்களுக்கு அது பழைய சட்டை. உங்க தம்பிக்கு அதுதான் ஜூன் மாதத்துப் புதுச் சட்டை. சத்துணவுக் கூடத்துக்கும் லீவு. அதைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம், இங்கே வேண்டாம்.

தண்ணீர் விஷயம் மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். இப்போது பாமணி ஆற்றில் மணல்தான் தெரிகிறது. பையன்கள் அங்கே ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் விளையாடுகிறார்கள். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறப்பது ஜூன் 12. அணையில் தண்ணீர் இருந்தால் அன்று திறப்பார்கள். அதற்குப் பிறகு கல்லணை திறந்து நம் பக்கம் தண்ணீர் எட்டிப் பார்க்கச் சில நாள் ஆகும். அதாவது பள்ளி திறந்த கொஞ்ச நாளில் புதுத் தண்ணீர் வரும். ஆற்றில் மணல் எடுத்த பள்ளம் எங்கே இருக்கிறது என்று தண்ணீர் வந்த பிறகு மேலே இருந்து பார்த்தால் தெரியாது. புதுத் தண்ணியில முதல்ல குதிக்கிறவன்தான் வீரன் என்று பந்தயம் கட்டும் அண்ணன்கள் யார் என்று எனக்குத் தெரியும். பேர் எழுதவில்லை. இந்த ஒரு வருடம் கரையிலேயே நில்லுங்கள்.

சரி. இப்போது அந்த ஏழாவது வரிக்கு வருகிறேன். "நூலகப் புத்தகங்கள் அனைத்தும் தேர்வு தொடங்கும் முன் ஒப்படைக்கப்பட வேண்டும். விடுமுறையில் நூலகம் செயல்படாது."

நூலகம் என்று எழுதும்போது பெருமையாகத்தான் இருக்கிறது. நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும், அறிவியல் அறையின் மூலையில் இரண்டு இரும்பு பீரோ, பக்கத்தில் ஒரு மர ரேக். அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டு பீரோவில் 640 புத்தகத்துக்கு மேல் இருக்கிறது. அரசு கொடுத்த கதைப் புத்தகங்கள், பழைய மாணவர்கள் வாங்கிக் கொடுத்த பொது அறிவுப் புத்தகங்கள், தேன்சிட்டு இதழ்கள், வாசிப்பு இயக்கத்தில் வந்த ஒல்லிப் புத்தகங்கள் எல்லாம் உண்டு. இந்த வருடம் ஒன்பதாம் வகுப்பில் நூலக வேலைக்கு இரண்டு பேரைப் போட்டார்கள், அதில் நான் ஒருத்தி. புத்தகம் கொடுத்தால் நோட்டில் எழுதுவது, வாங்கினால் அடிப்பது, பின் அட்டை பிய்ந்தால் பசை போட்டு ஒட்டுவது, இதுதான் வேலை. அதனால் நான் சொல்லும் கணக்கு நானே எண்ணிய கணக்கு. சந்தேகம் இருந்தால் நோட்டு பீரோ மேலேயே இருக்கிறது.

முதல் கணக்கு, இந்த வருடம் மாணவர்கள் தொலைத்த புத்தகங்கள். மொத்தம் 4. அதிலும் ஒன்று டிசம்பரில் ஒரு ஏழாம் வகுப்புத் தம்பியின் பைக்கு அடியில் அமுங்கிக் கிடந்து கிடைத்துவிட்டது. ஆக 3.

இரண்டாவது கணக்கு கரையான் தின்ற புத்தகங்கள். போன ஜூனில் பள்ளி திறந்து பீரோவைத் திறந்தபோது ஒரு மண் வாடை அடித்தது. மர ரேக்கின் கீழ்த்தட்டில் கை வைத்தேன், புத்தகம் வரவில்லை, மண்தான் வந்தது. வெளியே பார்க்க அட்டை நன்றாக இருந்தது. உள்ளே திறந்தால் நடுவில் பள்ளம் தோண்டியது போல இருந்தது. பீரோவுக்குள்ளே இருந்ததைக் கரையான் தொடவில்லை, ஆனால் ராமபாணப் பூச்சி ஓட்டை போட்டிருந்தது. ஊசியால் குத்தியது மாதிரி முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே நேர்க்கோட்டில் ஓட்டை. மொத்தம் 31 புத்தகங்களை மரத்தடியில் கொட்டினோம். குழந்தைகள் கலைக்களஞ்சியம் என்று ஒன்று உண்டு, பெரியசாமித் தூரன் தலைமையில் 10 தொகுதியாக வந்தது. நம்மிடம் இருந்தது அதில் இரண்டே தொகுதி. இரண்டில் ஒன்று அந்த 31-க்குள் போய்விட்டது. அதை எடுத்துக் கொட்டும்போது தமிழ் மிஸ் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மாணவர்கள் ஒரு வருடத்தில் தொலைத்தது 3. இரண்டு மாதம்கூட முழுசாக இல்லாத ஒரு லீவில் பூச்சி தின்றது 31. பத்திரமாக இருக்க வேண்டும் என்றுதான் வாங்கி உள்ளே வைத்துப் பூட்டுகிறோம். யாரிடமிருந்து பத்திரம் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. புத்தகத்தை அடிக்கடி எடுத்துத் தட்டினால், வெயில் படும் இடத்தில் பிரித்தால், கைமாறிக்கொண்டே இருந்தால் பூச்சி அவ்வளவாக வராது. மேல்தட்டில் எல்லோரும் அடிக்கடி எடுக்கும் துப்பறியும் கதைகள் ஒன்றுகூட அரிக்கவில்லை. அட்டை கிழிந்திருக்கும், மூலை மடங்கியிருக்கும், ஒன்றில் யாரோ குழம்புகூடச் சிந்தியிருந்தார்கள். ஆனால் எழுத்து எல்லாம் இருந்தது.

எனக்குச் சொந்தக் கோபமும் ஒன்று உண்டு, மறைக்கவில்லை. போன ஏப்ரலில் ஒரு கதைப் புத்தகத்தைப் பாதி படித்துக்கொண்டிருந்தேன். பேரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் நீங்கள் எடுத்து ஒளித்து வைத்துவிடுவீர்கள். கதையில் ஒரு பையன் கிணற்றுக்குள் இறங்கியிருக்கிறான், மேலே கயிற்றை யாரோ அறுக்கிறார்கள், அந்த இடத்தில் "எல்லாரும் லைப்ரரி புத்தகத்தைக் கொடுங்க" என்று குரல். கொடுத்துவிட்டேன். அந்தப் பையன் ஏப்ரல் கடைசி, மே முழுக்க, ஜூன் முதல் வாரம் வரை என் தலைக்குள் கிணற்றிலேயே கிடந்தான். நல்லவேளை அது மேல்தட்டுப் புத்தகம்.

இதை வைத்து மட்டும் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனிடம் கேட்டுவிட்டேன், எழுதிக்கோ, ஆனா வகுப்புப் பிரிவைப் போடாதே என்றான். அவன் இப்போது நம் பள்ளியில் ஆறாவது. 2020 ஜூனில் ஒன்றாம் வகுப்பு சேர்ந்திருக்க வேண்டியவன். கொரோனாவால் பள்ளி மூடிக் கிடந்தது. ஒன்று முதல் எட்டு வரை உள்ள வகுப்புகளை மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1. அதனால் அவன் ஒன்றாம் வகுப்பு என்ற ஒன்றை உள்ளே போய்ப் பார்த்ததே கிடையாது. நேராக இரண்டாம் வகுப்பு, அதுவும் நவம்பரில். அவனோடு படித்த நிறையப் பேருக்கு இதே கதைதான். இல்லம் தேடிக் கல்வியில் எங்கள் தெரு அக்கா ஒருத்தர் சாயங்காலம் சொல்லிக் கொடுத்தார், அதில்தான் எழுத்தே பழகினான். ஐந்தாம் வகுப்பு முடியும்போது எழுத்துக் கூட்டி, மெதுவாக, ஆனால் தப்பில்லாமல் படித்தான். எங்கள் அம்மா மற்ற வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லிக் காட்டினார்கள்.

அப்புறம் அந்த லீவு. வீட்டில் பாடப்புத்தகத்தைத் தவிர வேறு புத்தகம் இல்லை. பாடப்புத்தகத்தையும் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுத்தாச்சு. படிக்க என்று இருந்தது நாள்காட்டித் தாளும் மளிகைக் கடைப் பொட்டலமும்தான். போன் ஒன்றுதான், அதை அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விடுவார். ஜூனில் இங்கே ஆறாம் வகுப்பில் சேர்த்த அன்று மிஸ் ஒரு பத்தியைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். முதல் வரியிலேயே நின்றுவிட்டான். "வெயில்" என்பதை "வெய்... வெய்..." என்று மூன்று தடவை சொன்னான். நான் கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். மிஸ் திட்டவே இல்லை. சரிப்பா, பார்த்துக்கலாம் என்றார்கள். அவன்தான் வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

வாசிப்பு இயக்கத்துப் புத்தகங்களில் நுழை, நட, ஓடு, பற என்று நாலு படி இருக்கிறது, தெரியும் இல்லையா? நுழை என்றால் ரொம்பக் குட்டி வாக்கியம், பெரிய படம். அங்கிருந்து ஆரம்பித்தான். ஆறாம் வகுப்புப் பையன் நுழையைக் கையில் வைத்திருந்தால் மற்றவர்கள் சிரிப்பார்கள் என்று என்னிடம் சொல்லி ரகசியமாக வாங்கிப் போவான். பொங்கலுக்கு அப்புறம் நடக்கு வந்தான். போன மாதம் ஓடு வரிசையில் ஒரு புத்தகத்தை முழுசாக, ஒரே மூச்சில் முடித்துவிட்டு "வேற இருக்கா?" என்று கேட்டான். அவன் வாயிலிருந்து அந்தக் கேள்வி வந்தது அதுதான் முதல் தடவை.

இப்போது அவனிடம் நான் போய் "எல்லாத்தையும் கொடு, ஜூன்ல பாக்கலாம்" என்று சொல்ல வேண்டும். நூலக நோட்டு என் கையில் இருப்பதால் நான்தான் சொல்ல வேண்டும். நம் பள்ளியில் இவன் மாதிரி எத்தனை பேர் என்று நோட்டைப் பார்த்தாலே தெரிகிறது. நுழை, நட புத்தகங்களை இந்த வருடம் எடுத்துப் படித்தவர்கள் 19 பேர். இவர்களுக்கு லீவு என்பது மறக்கிற காலம். நன்றாகப் படிப்பவர்கள் இரண்டு மாதம் படிக்காவிட்டாலும் பெரிய நஷ்டம் இல்லை. இந்த 19 பேர் ஏணியில் பாதியில் நிற்பவர்கள்.

டவுனில் கிளை நூலகம் இருக்கே, அங்கே போய்ப் படிக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் வீட்டில் கேட்டேன். நல்ல நூலகம்தான். வெள்ளிக்கிழமை லீவு, அதைப் பார்த்துப் போக வேண்டும். நம் ஊரிலிருந்து 9 கிலோமீட்டர். 2021-லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்பதால் எனக்குக் காசு பிரச்சினை இல்லை. ஆனால் "லீவு நாள்ல தனியா பஸ் ஏறி எங்க போற?" என்ற கேள்விக்கு டிக்கெட் இல்லை என்பது பதில் ஆகாது. தம்பியைத் துணைக்குக் கூட்டிப் போகலாம் என்றால் அவனுக்கு டிக்கெட் எடுக்க வேண்டும், ஸ்கூல் பாஸ் லீவில் செல்லாது. சிரிப்பாகத்தான் இருக்கிறது. அது போக, ஏப்ரலில் நம் ஊர்களில் யார் சும்மா இருக்கிறார்கள்? சம்பா அறுத்த வயலில் தெளித்த உளுந்தும் பயறும் இப்போதுதான் பறிக்கிற சமயம். காலையில் வெயில் ஏறுவதற்குள் அம்மாவோடு போய்விட்டு, பத்து மணிக்கு வீட்டுக்கு வந்தால், அதற்கு அப்புறம் சாயங்காலம் வரை வெளியே தலை காட்ட முடியாது. படிப்பதற்கு அந்த நேரத்தைவிட நல்ல நேரம் எங்கே கிடைக்கும்? நேரம் இருக்கிறது, புத்தகம்தான் பீரோவில் இருக்கிறது.

இனி மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மிஸ் இந்தச் சார்ட்டை ஒட்ட விடமாட்டார்கள் என்பதற்காக இல்லை, அதில் நியாயம் இருக்கிறது என்பதால். நூலகப் பொறுப்பு என்பது ஒரு ஆசிரியரின் கையெழுத்தில் இருக்கிறது. இருப்புப் பதிவேட்டில் எத்தனை புத்தகம் எழுதியிருக்கிறதோ அத்தனையும் இருக்க வேண்டும். மாறுதலாகி வேறு பள்ளிக்குப் போகும்போது எண்ணி ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும். முன்பு இங்கே இருந்த ஒரு டீச்சர் அப்படிப் போகும்போது குறைந்த புத்தகங்களுக்குத் தன் கையிலிருந்து காசு போட்டு வாங்கி வைத்துவிட்டுப் போனார்கள். அந்தப் புத்தகங்களை எடுத்துப் போய்க் கொடுக்காமல் விட்டது யார்? நம் அண்ணன்களும் அக்காக்களும்தான். அந்த டீச்சருக்கு அப்புறம் பொறுப்புக்கு வந்த யாருமே லீவில் புத்தகம் கொடுக்கப் பயப்படுவதில் ஒரு தப்பும் இல்லை. நான் அவர்கள் இடத்தில் இருந்தால் இரண்டு பூட்டு போட்டிருப்பேன்.

அதிலும் ஒன்று பாருங்கள். கரையான் தின்றால் "பூச்சியரித்தது" என்று எழுதிக் கழித்துவிடலாம், யாரும் காசு கட்ட வேண்டாம். மாணவன் தொலைத்தால் மிஸ் கட்ட வேண்டும். அப்படி இருந்தால் புத்தகத்தை யாரிடம் கொடுப்பது நல்லது என்று தோன்றும்? கரையானிடம்தான்.

இந்த மாதிரி யோசனை புதுசு இல்லை. எஸ்.ஆர். அரங்கநாதன் என்று ஒருவர், நம் பக்கத்துச் சீர்காழியில் 1892-ல் பிறந்தவர். கணக்கு வாத்தியாராக இருந்து 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போனார். 1931-ல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் என்று ஒரு புத்தகமே எழுதினார். உலகம் முழுக்க நூலகம் பற்றிப் படிப்பவர்கள் இன்றைக்கும் அதைப் படிக்கிறார்கள். முதல் விதியே புத்தகம் என்பது உபயோகப்படுத்த இருக்கிறது, பாதுகாத்து வைக்க அல்ல என்பதுதான். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் நூலகப் புத்தகங்களை அலமாரியோடு சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருந்தார்களாம். நம்முடையதில் சங்கிலி இல்லை, கோத்ரேஜ் சாவி இருக்கிறது.

அதே 1931-ல் நம் மன்னார்குடிக்குப் பக்கத்தில் மேலவாசலில் என்ன நடந்தது தெரியுமா? கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் நடமாடும் நூலகம் ஆரம்பித்தார். அரங்கநாதனும் அதில் கூட இருந்தவர். கூண்டு வண்டியில் புத்தகத்தை அடுக்கி, மாட்டைப் பூட்டி, ஊர் ஊராக ஓட்டிப் போய்க் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் நம் கிராமங்களில் படிக்கத் தெரிந்தவர்களே கொஞ்சம் பேர். படிக்கத் தெரியாதவர்கள் இருக்கும் ஊருக்கு வண்டியில் புத்தகம் வந்திருக்கிறது. படிக்கத் தெரிந்த பிள்ளைகள் இருக்கும் ஊரில் பீரோவைப் பூட்டுகிறோம். 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது, சுதந்திர இந்தியாவில் அதுதான் முதல் நூலகச் சட்டம். நம் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், அதில் நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். எங்கள் அப்பாவிடம் காட்டினேன். "இதுக்கும் நாமதான் கட்டுறமா?" என்று கேட்டார்.

என் யோசனையைச் சொல்கிறேன். மாட்டு வண்டிக்கு நான் எங்கே போவேன், மஞ்சப்பை போதும். நம் பள்ளிக்கு ஆறு ஊரிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். ஒரு ஊருக்கு 20 புத்தகம், ஒரு மஞ்சப்பையில். ஆறு ஊருக்கு 120. மீதி 500-க்கு மேல் பீரோவிலேயே இருக்கட்டும், பயப்பட வேண்டாம். 120-ஐயும் கீழ்த்தட்டிலிருந்து எடுத்தால் இன்னும் நல்லது, கரையானிடமிருந்து தப்பித்த மாதிரியும் ஆச்சு. நுழை, நட புத்தகம் ஒவ்வொரு பையிலும் ஐந்தாவது இருக்க வேண்டும், இது கட்டாயம். பையை அந்த ஊரில் இருக்கும் எட்டாம் வகுப்பு அல்லது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தர் வீட்டில் வைப்பது. ஜூனில் அவர்களும் இதே பள்ளிக்குத் திரும்ப வருவார்கள் என்பதால் பத்தாம் வகுப்பு வேண்டாம் (அண்ணன்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், நீங்கள் போனால் போனதுதான்). ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்த வீட்டு வாசலில் புத்தகம் மாற்றுவது. ஒரு நாற்பது பக்க நோட்டு, அதில் பேர், புத்தகம், கொடுத்த தேதி, வந்த தேதி. வீட்டில் அப்பா அல்லது அம்மாவின் கையெழுத்து முதலிலேயே வாங்கிவிடுவது. கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் கைநாட்டு வைக்கட்டும், என்ன இப்போ.

பரீட்சைக்குப் படிக்க மாட்டார்கள் என்ற பேச்சே வேண்டாம். கடைசிப் பரீட்சை முடிந்த பிறகுதான் பை வெளியே போகும்.

தொலைந்தால்? இதுதான் எச்.எம். சார் கேட்ட கேள்வி. தமிழ் மிஸ்ஸோடு போய் நான் அவரிடம் சொன்னபோது முழுசாகக் கேட்டார். நடுவில் ஒரு தடவைகூட நிறுத்தவில்லை. கடைசியில் "எல்லாம் சரிம்மா, தொலைஞ்சா யாரு பொறுப்பு?" என்றார். தொலைந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து காசு போட்டு அதே புத்தகத்தை வாங்கிக் கொடுக்கிறோம் என்றேன். வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் மாதிரி சிலது கடையில் கிடைக்காது, அதற்குப் பதிலாக வேறு ஒன்று வாங்கித் தர வேண்டும். இதைக் கேட்டு என் வகுப்புத் தோழி ஒருத்தி சண்டைக்கு வந்துவிட்டாள். "யாரோ ஒருத்தன் தொலைப்பான், அதுக்கு நான் ஏண்டி காசு கொடுக்கணும்?" என்று கேட்கிறாள். அவள் கேட்பது நியாயம்தான். மூன்று நாளாக யோசித்தும் எனக்குச் சரியான பதில் வரவில்லை. இப்போது மிஸ் மட்டும் கொடுக்கிறார்களே, அதைவிட இது பரவாயில்லை என்று மட்டும்தான் சொல்லத் தெரிகிறது. உங்களுக்கு இதைவிட நல்ல வழி தெரிந்தால் சொல்லுங்கள், தோழியிடமும் சொல்லுங்கள், என்னோடு பேச மாட்டேன் என்கிறாள்.

எச்.எம். சார் முடியாது என்று சொல்லவில்லை. முடியும் என்றும் சொல்லவில்லை. "ஊருக்கு ஒரு பிள்ளை பேரோட வா, பெத்தவங்க கையெழுத்தோட வா, அப்புறம் பேசலாம்" என்றார். தமிழ் மிஸ் வெளியே வந்து, சார் இவ்வளவு பேசினதே பெரிசு என்றார்கள்.

நாலு ஊருக்குப் பேர் கிடைத்துவிட்டது. ஆற்றுக்கு அந்தக் கரையில் இருக்கும் இரண்டு ஊருக்குத்தான் இன்னும் ஆள் இல்லை. அந்த ஊர் எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் வரும் புதன்கிழமை மதிய இடைவேளைக்குள் என்னிடமோ தமிழ் மிஸ்ஸிடமோ சொல்ல வேண்டும். ஆள் இல்லாவிட்டால் நாலு பைதான் போகும். நுழை, நட எடுக்கும் 19 பேரில் 6 பேர் அந்த இரண்டு ஊரில்தான் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

லீவில் புத்தகம் வேண்டும் என்பவர்கள் இந்தச் சார்ட்டுக்குக் கீழே ஒட்டியிருக்கும் வெள்ளைத்தாளில் பேர், வகுப்பு, ஊர் எழுதுங்கள். வேண்டாம் என்பவர்களும் வலது பக்கத்துத் தாளில் காரணத்தை எழுதலாம், கிழிக்க மாட்டேன். பேனா நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். எழுதிவிட்டு அங்கேயே விட்டுவிடுங்கள். போன இதழுக்குக் கட்டியதை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இந்தச் சமயத்தில் மறுபடியும் அப்படி நடந்து எச்.எம். சார் கண்ணில் பட்டால், நான் நாலு சார்ட் எழுதியது வீணாகப் போய்விடும்.